தண்ணீர் எந்த வழியால் வந்தது? இலங்கையின் கிழக்கில் வாடகை வீடு எடுப்பவருக்கு ஒரு காப்புறுதி வழிகாட்டி

2011 ஜனவரி மழைக்கு நான் மட்டக்களப்பில் கிரான் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் ஒரு கோடு மிஞ்சியது. முழங்காலுக்கு நான்கு விரல் மேலே, பழைய தேநீர்க் கறை மாதிரி. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் போய்விட்டது: பிரிட்ஜின் மோட்டார், தையல் மெஷின், இரண்டு மெத்தை, மனைவியின் புத்தகப் பெட்டி.

என்னிடம் காப்புறுதி இருந்தது. வருடக் கட்டணத்தைத் தவறாமல் கட்டியிருந்தேன். பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால், கவுண்டரில் இருந்த பிள்ளை முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தீயும் மின்னலும்தான் அதில் இருந்தன. வெள்ளம் என்பது தனியாகக் கேட்டு, கொஞ்சம் கூடக் கட்டிச் சேர்க்க வேண்டிய சங்கதியாம். யாரையும் குறை சொல்ல வழியில்லை. பத்திரத்தை வாங்கிய நாளிலிருந்து அதைத் திறந்தே பார்க்காதவன் நான்தான்.

அதற்குப் பிறகு நாலைந்து வீடு மாறிவிட்டேன். பாசிக்குடா ஹோட்டல்களுக்கு வேலைக்கு வருபவர்கள், அறுகம் குடாவில் சீசனுக்கு வீடு எடுப்பவர்கள், வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் பல்கலைக்கழக வேலையாக வருபவர்கள் என்று தெரிந்தவர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வீடு யாருடையது, சாமான் யாருடையது

வாடகைக்கு இருப்பவர்களில் பாதிப் பேர் நினைப்பது, 'வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார், அது போதும்' என்று. போதாது. வீட்டுக்காரரின் காப்புறுதி அவருடைய கட்டடத்துக்கும் அவருடைய பொருட்களுக்கும் உரியது. உங்கள் கட்டில், உங்கள் ரீவி, உங்கள் லப்டொப் எதுவும் அதற்குள் வராது. அதைவிட ஒரு படி மேலே: உங்கள் கவனக்குறைவால் அடுப்படியில் தீப்பிடித்தது என்றால், வீட்டுக்காரருக்கு நட்டத்தைக் கொடுத்த கம்பனி அந்தப் பணத்தை உங்களிடம் கேட்டு வரலாம். ஆகவே உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று உங்கள் சாமான்களுக்கு, மற்றது உங்களால் பிறருக்கு வரும் சேதத்துக்கான பொறுப்புக்கு.

இலங்கையில் 'வாடகைக்காரர் காப்புறுதி' என்ற பெயரில் தனிப் பத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். 'வீட்டுக் காப்புறுதி' என்று விற்பதில் கட்டடம், உள்ளடக்கப் பொருட்கள் என்று இரண்டு பகுதி இருக்கும். 'நான் வாடகைக்கு இருக்கிறேன், பொருட்களுக்கு மட்டும் வேண்டும், பொதுப் பொறுப்பையும் சேர்த்துத் தாருங்கள்' என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். விளங்காத முகவர் என்றால் வேறு முகவரைப் பாருங்கள்.

இங்கே வீடு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும், வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போய்விடும். வாடகை பேசுபவர் தகப்பனாகவோ மருமகனாகவோ இருப்பார். காணி உறுதிப் பத்திரத்தில் பெயர் மகளுடையதாக இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பவர் உறுதியில் பெயர் உள்ளவரா என்று பாருங்கள். பிறகு இழப்பீடு கேட்கும்போது, நீங்கள் அந்த வீட்டில் சட்டப்படி இருந்தீர்கள் என்பதற்கு அந்த ஒப்பந்தம்தான் முதல் தாள்.

சுற்றுலாப் பகுதியில் எடுக்கும் வீடு தளபாடத்தோடு வரும். ஏசி, சோபா, தண்ணீர் மோட்டார் எல்லாம் வீட்டுக்காரருடையவை, பாவிப்பது நீங்கள். போகும் முதல் நாளே அவரையும் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து, எது யாருடையது என்று இரண்டு பிரதியில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள பிறர் பொருளுக்கும் காப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சாமான் கணக்கு

ஒரு மாலை நேரம் போதும். ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் இருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு அறையையும் ஒரு வீடியோ, பெறுமதியான ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு போட்டோ. பிரிட்ஜைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டை எடுங்கள். மொடல் எண்ணும் தொடர் எண்ணும் அதில்தான் இருக்கும். கடற்கரைக்குக் கிட்ட என்றால் அந்தத் தகடு இரண்டு மூன்று வருடத்திலேயே உப்புக் காற்றில் உரிந்துவிடும், அதனால் புதிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். கடை ரசீதுகளையும் படமெடுங்கள், வெயிலில் மை மங்கிப் போகும். எல்லாவற்றையும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். வெள்ளத்தில் ஃபோனும் போகும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் இன்றைக்குக் கடையில் வாங்கினால் என்ன விலை என்று எழுதிக் கூட்டுங்கள். இங்கே பலரும் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: கட்டணம் குறையட்டும் என்று பெறுமதியைப் பாதியாகக் காட்டுவது. இந்தத் தந்திரம் நம்மையே கடிக்கும். உங்கள் சாமான் மொத்தம் 12 இலட்சம் ரூபா பெறும், நீங்கள் 6 இலட்சத்துக்குத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று வைப்போம். வெள்ளத்தில் 3 இலட்சத்துக்குச் சேதம். '6 இலட்சத்துக்குப் போட்டேன், சேதம் 3 இலட்சம்தானே, முழுதாக வரும்' என்று நினைப்பீர்கள். வராது. பாதிப் பெறுமதிக்குப் போட்டவருக்குப் பாதி நட்டம்தான் கிடைக்கும், அதாவது ஒன்றரை இலட்சம். மிச்சப் பாதிக்கு நீங்களே உங்களுக்குக் காப்புறுதிக்காரர். விகிதாசார நிபந்தனை என்ற பெயரில் இது பத்திரத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

அந்த ஒன்றரை இலட்சத்திலிருந்தும் 'எக்ஸஸ்' கழியும். ஒவ்வொரு நட்டத்திலும் நீங்கள் சுமக்க வேண்டிய முதல் பங்கு அது. இயற்கை அனர்த்தத்துக்கு இது மற்ற ஆபத்துகளைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். தொகையா வீதமா, எது கூடவோ அதுவா என்று கேளுங்கள்.

இன்னொரு கேள்வி: பழைய பிரிட்ஜ் போனால் புதிய பிரிட்ஜின் விலை தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா? புதியதுக்குப் புதியது என்ற ஒழுங்கில் எடுத்தால் கட்டணம் கொஞ்சம் கூடும். ஏழு வருடப் பழைய சாமான்களோடு இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசத்தைக் கட்டுவது நல்லது என்பது என் எண்ணம்.

நகைக்கும் காசுக்கும் தனி உச்சவரம்பு இருக்கும். தாலிக்கொடி, காப்பு என்று வீட்டில் வைத்திருப்பவர்கள் அவற்றை நிறையோடும் பெறுமதியோடும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வங்கிப் பெட்டகம்தான் வழி. மோட்டார் சைக்கிள் இதில் வராது, அதற்கு வாகனக் காப்புறுதி. அலைச்சறுக்குப் பலகை வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வெளியே கொண்டுபோகும்போதும் காப்பு உண்டா என்று கேளுங்கள்; அந்தப் பலகை வீட்டில் இருக்கும் நேரம் குறைவு.

இனித் தண்ணீர்

இந்த முழுக் கட்டுரையிலும் ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். கிழக்கில் ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வரப் பல வழி உண்டு. நமக்கு எல்லாம் ஒரே தண்ணீர்தான். காப்புறுதிப் பத்திரத்துக்கு ஒவ்வொன்றும் வேறு.

கூரையால் ஒழுகும் மழைத் தண்ணீர் முதலாவது. ஓடு விலகி, பீலி அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி அலுமாரியை நனைத்தது என்றால் அது பராமரிப்புக் குறை; கிடைக்காது. அதே ஓடுகளைப் புயல் தூக்கி எறிந்து, அந்த இடைவெளியால் மழை உள்ளே வந்தது என்றால் அது புயல் சேதம். புயலுக்கான காப்பு சேர்த்திருந்தால் கிடைக்கும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், மட்டக்களப்பில் கூரையோடு மிஞ்சிய வீடுகளை எண்ணிச் சொல்வார்கள். ஆகவே சூறாவளி, புயல், கடுங்காற்று என்ற சொற்கள் பத்திரத்தில் எழுத்தில் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

குழாய் வெடித்தோ கூரைத் தாங்கி வழிந்தோ வரும் தண்ணீர் இன்னொன்று. பெரும்பாலான வீட்டுப் பத்திரங்களில் இது உண்டு.

மூன்றாவதுதான் நம் ஊர் வெள்ளம். வானம் பெய்வதைவிட மேலே குளங்களில் என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே கணக்கு. உன்னிச்சையின் வான்கதவு திறந்தால் வவுணதீவுப் பக்கம் பார்க்க வேண்டும். முந்தெனி ஆறு பெருகினால் கிரான் தீவாகும். சேனநாயக்க சமுத்திரத் தண்ணீர் இறங்கினால் அம்பாறையின் தாழ்நிலமெல்லாம் நிறையும். 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியதை எல்லோரும் பார்த்தோம். வாவிக் கரை வீடுகளுக்கு முகத்துவாரம்தான் தலைவிதி. கடலுக்கும் வாவிக்கும் இடையில் மணல் மூடிக் கிடந்தால் தண்ணீர் போக வழியின்றி ஊருக்குள் ஏறும். முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகுதான் இறங்கும்.

எனவே வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரிடம் 'வெள்ளம் வருமா?' என்று கேட்காதீர்கள். 'இந்தப் பக்கமெல்லாம் வராது' என்பார். பக்கத்து வீட்டில் கேளுங்கள், அதுவும் 'வருமா' என்று இல்லாமல் '2011இல் எதுவரைக்கும் வந்தது?' என்று கேளுங்கள். நான் இப்போது இருக்கும் வீட்டைப் பார்க்க வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆச்சி ஒன்றும் பேசாமல் தன் வீட்டுப் படியைக் காட்டினார். மூன்றாவது படியில் சீமெந்து நிறம் மாறியிருந்தது. 'அதுமட்டும் வந்திச்சு மனே, கட்டில உசத்திப் போட்டுப் படுத்தம்.' எந்த முகவரும் தராத தகவல் அது. கிணற்றுக்கட்டு, மதில், மின்மானிப் பெட்டி வைத்திருக்கும் உயரம் ஆகியவற்றையும் பாருங்கள். மின்மானியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

நான்காவது கடல். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடியிலும் கல்முனைக் கரையிலும் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'வெள்ளம்' என்று எழுதியிருந்தால் சுனாமியும் அதற்குள் அடங்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுனாமி, கடல் பெருக்கு இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டு, வாயால் இல்லாமல் எழுத்தில் பதில் வாங்குங்கள். கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்று படிவத்தில் கேட்டால் உள்ளபடி எழுதுங்கள். 50 மீற்றரை 500 என்று எழுதினால், நட்டம் வந்த நாளில் அந்த ஒரு சைபர் உங்கள் பத்திரத்தையே செல்லாததாக்கும்.

அறுகம் குடா சீசன் முடிந்ததும் எல்ல, பண்டாரவளைப் பக்கம் வேலைக்குப் போய் அங்கே வீடு எடுக்கும் பொடியன்மாருக்கு ஒரு வார்த்தை. மலையில் கேட்க வேண்டிய சொல் மண்சரிவு. வெள்ளத்துக்குக் காப்பு இருப்பதால் மண்சரிவுக்கும் இருக்கும் என்றில்லை. பல பத்திரங்களில் அது விலக்குப் பட்டியலில் இருக்கும், அல்லது தனியாகச் சேர்க்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தில் செய்ததைப் பார்த்த பிறகு யாருக்கும் அதிகம் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பகுதியை அபாய இடமாகக் காட்டியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் விசாரித்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.

கடைசியாக, காப்புறுதி எடுக்கத் தண்ணீர் வருவதற்கு முன்பே போக வேண்டும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்த பிறகு முகவருக்கு ஃபோன் அடித்தால் அவர் மரியாதையாகச் சிரிப்பார். ஆகஸ்ட், செப்டெம்பர்தான் சரியான காலம்.

மற்ற ஆபத்துகள்

களவைப் பற்றி ஒன்று. கதவை உடைத்தோ யன்னலைக் கழற்றியோ உள்ளே வந்த அடையாளம் இருந்தால்தான் பெரும்பாலான பத்திரங்கள் களவுக்குப் பணம் தரும். திறந்து கிடந்த கதவால் வந்து லப்டொப்பை எடுத்துப் போனால் இல்லை. அதோடு வீடு 30 நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். அறுகம் குடாவில் இது பெரிய விசயம். ஒக்டோபரோடு சீசன் முடிய வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய், ஏப்ரலில் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். மழையும் களவும் வருவது அந்த மாதங்களில்தான். போகும் முன் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஆள் வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

கபானா என்று சொல்லும் கிடுகுக் கூரைக் குடிலில் இருப்பவர்களுக்குத் தீக் காப்பே சிக்கல். சில கம்பனிகள் எடுக்காது, எடுத்தால் கட்டணம் கூட. கூரை ஓடு என்று எழுதிவிட்டுக் கிடுகுக்குக் கீழே இருப்பது கடலிலிருந்து 50 மீற்றர் கதைதான்.

இடி மின்னல் காலத்தில் ரீவியும் ரூட்டரும் போவது இங்கே சர்வசாதாரணம். மின்னல் விழுந்து தீப்பிடித்தால் கிடைக்கும். கம்பியால் வந்த மின்அழுத்தத்தில் கருவி உள்ளே கருகினால், மின்சாரச் சேதத்தைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு தனிச் சேர்ப்பு. அது அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருகிறது. நம் பகுதியின் கதை தெரிந்தவர்கள் இதை விட்டுவிட மாட்டார்கள். துரு, கறையான், உப்புக் காற்று எதிலும் வராது.

யானை? சிரிக்காதீர்கள். வெல்லாவெளி, பாணமைப் பக்கம் வீடு எடுப்பவர்கள் 'விலங்குகள் மோதுவதால் வரும் சேதம்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் வாங்குவது

ஆயுள் காப்புறுதியும், வீடு, வாகனம் போன்றவற்றுக்கான பொதுக் காப்புறுதியும் இப்போது தனித்தனிக் கம்பனிகளாகிவிட்டன. உங்கள் ஆயுள் காப்புறுதி முகவர் தெரிந்தவர் என்பதற்காக அவரிடமே இதைக் கேட்டால், வேறு ஒருவரிடம் அனுப்பலாம். முகவர் ஒரு கம்பனியின் ஆள். தரகர் உங்கள் பக்கம் நின்று பல கம்பனிகளில் விலை கேட்பவர். வட்டி கலக்காத முறை வேண்டுபவர்களுக்குத் தகாபுல் உண்டு. யாரானாலும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவில் பதிவானவராக இருக்க வேண்டும்.

குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஆனால் மூன்று இடத்திலும் ஒரே தாளைக் கொடுத்துக் கேளுங்கள்: இவ்வளவு பெறுமதி, இந்த ஆபத்துகள், இவ்வளவு பொறுப்புத் தொகை. இல்லாவிட்டால் மலிவானது ஏன் மலிவு என்று தெரியாது. 'வற்' வரி 2024 முதல் 18 வீதம், அதோடு மற்றக் கட்டணங்களும் சேர்ந்து இறுதியில் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். விலக்குப் பட்டியலை மட்டுமாவது முகவரைப் பக்கத்தில் இருத்தித் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பாக அவருக்கே அனுப்பி, 'சரி' என்று ஒரு பதில் வாங்கி வையுங்கள்.

வீட்டில் ஓர் அறையை வெளிநாட்டுக்காரருக்கு நாள் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். குடியிருக்கும் வீடு என்று எழுதிவிட்டு விருந்தினர் விடுதி நடத்தினால், விருந்தினர் வைத்த தீக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

நட்டம் வந்தால்

அன்றைக்கே கம்பனிக்கு ஃபோன் செய்து, முறைப்பாட்டு எண்ணை எழுதி வையுங்கள். களவு என்றால் பொலிஸ் முறைப்பாடு, வெள்ளம் என்றால் கிராம சேவகரின் கடிதம். தண்ணீர் நிற்கும்போதே ஒரு அடிமட்டத்தைச் சுவரில் பிடித்துப் படமெடுங்கள். வடிந்த பிறகு அந்தக் கோட்டையும் எடுங்கள். மெத்தை நாறும், பிள்ளைகள் முறைப்பார்கள், ஆனால் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை எதையும் எறிய வேண்டாம். முற்றத்தில் ஒரு மூலையில் போட்டு மூடி வையுங்கள். எறியத்தான் வேண்டும் என்றால் முதலில் கம்பனியிடம் கேட்டு, படமெடுத்துவிட்டு எறியுங்கள். நனைந்த பிரிட்ஜை மின்சாரத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். வெள்ளத்தால் போனதா, நீங்கள் போட்டதால் போனதா என்ற வழக்குக்கு இடம் வைக்கக்கூடாது.

மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். எந்த நிபந்தனை, எத்தனையாம் பக்கம் என்று. முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, பிறகு முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவரான காப்புறுதி ஒம்புட்ஸ்மன், ஆணைக்குழு என்று படிப்படியாகப் போகலாம். வழக்கறிஞரிடம் போவதற்கு முன் ஒம்புட்ஸ்மனிடம் போவது செலவில்லாத வழி.

அப்புறம் வீடு மாறும்போது. பத்திரம் உங்களோடு தானாக நடந்து வராது. அது பழைய விலாசத்துக்குத்தான் செல்லும். லொறி வருவதற்கு முதல் நாளே புதிய விலாசத்தை அறிவித்து, மாற்றிய தாளைக் கையில் வாங்குங்கள். ஏற்றி இறக்கும்போது உடைபவற்றுக்குக் காப்பு உண்டா என்றும் கேளுங்கள். கிரானிலிருந்து மாறியபோது லொறியில் உடைந்த அலுமாரிக் கண்ணாடிக்கு நான் இன்னும் அட்டைதான் ஒட்டி வைத்திருக்கிறேன்.